ஞாயிற்றுக்கிழமைச் சாவி

அந்தப் புறநகரில் பெரிய கூரையும் பெரிய மைதானமும் உள்ள ஒரே இடம் அரசு உயர்நிலைப் பள்ளிதான். ஓட்டுப் போடுவது அங்கே. தடுப்பூசி முகாம் அங்கே. மழை கொட்டி, ரயில் பாதைக்குக் கீழே இருக்கிற வீடுகளில் தண்ணீர் புகுந்தால் பாய் தலையணையோடு ஜனங்கள் ஒதுங்குவது அங்கே. விடிந்தும் விடியாததுமாகச் சர்க்கரை வியாதிக்காரர்கள் கையை வீசி நடப்பதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய மாணவர் சங்கத்தின் கால்பந்தாட்டம். "நம்ம ஸ்கூல்" என்று சொல்லாத வாய் அந்த வட்டாரத்தில் கிடையாது.

லேப் அக்காவின் புருஷன் அதை மற்றவர்களைவிட ஒரு படி சத்தமாகச் சொல்லுவார். மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அந்தப் பதவியை அவரிடமிருந்து யாரும் கேட்கவும் இல்லை, அவராக விட்டுக்கொடுக்கவும் இல்லை. நாளாவட்டத்தில் செயலாளர் என்பதே அவர் பெயராகிவிட்டது. கடைக்கு ஆணி வாங்க வருகிறவன்கூட "செயலாளரே, ரெண்டு இஞ்ச்" என்றுதான் கேட்பான்.

ஒன்று சொல்ல வேண்டும். சங்கத்தில் மேடையேறிப் பேசுகிற மற்றவர்களின் பிள்ளைகள் எல்லாம் டை கட்டிக்கொண்டு வேனில் வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். செயலாளர் மட்டும், "நான் படிச்ச ஸ்கூல்லதான் என் பொண்ணும் படிப்பா" என்று ஒற்றைக்காலில் நின்று மகளை அங்கேயே சேர்த்தார். அதற்காக லேப் அக்காவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் பின்னால் அவளை அதிகமாகச் சுட்டது.

அவள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுப்பதும், சிறு டப்பாக்களில் கொண்டுவருகிற சிறுநீரை நுண்ணோக்கியில் பார்ப்பதும் அவள் வேலை. ஊசி குத்தினால் வலிக்காது என்று பெயர் எடுத்தவள். அதனால் ஊருக்கே லேப் அக்கா.

மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். "பாட்டிலை என்ன ஊர்கோலம் கூட்டிட்டுப் போறியா?" என்று அம்மா திட்டுவாள். மகள் காதில் வாங்காமல் பையை எறிந்துவிட்டுக் குளியலறைக்கு ஓடுவாள். தினமும் அந்த ஓட்டம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஓடுகிறாளே என்று அம்மாவுக்கும் தோன்றியதுண்டு. வளர்கிற பெண், ஏதோ அவசரம் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் மகளுக்குக் குளிர்க்காய்ச்சல். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். குளியலறைக்குள் போனவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற சத்தம் வெளியே கேட்டது. லேப் அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு போய்த் தன் கையாலேயே பரிசோதித்தாள். கண்ணாடித் தகட்டில் சீழ் அணுக்கள் கும்பல் கும்பலாகக் கிடந்தன; சிறுநீர்த் தொற்று.

இதே அணுக் கூட்டத்தை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! மகள் போடுகிற அதே நீலப் பாவாடை, அதே வெள்ளைச் சட்டை. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் டப்பாவை மறைத்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்ல நீ பாத்ரூம் போறதில்லையா?"

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"கேக்கிறேன்ல?"

"எங்க போறது? பழைய பாத்ரூம்ல கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி போனா ரெண்டு பேர் கதவைப் பிடிச்சுக்கணும். தண்ணியும் வராது. நாத்தம்... உள்ள போனாலே வாந்தி வரும்மா. யாரும் போறதில்ல. தண்ணி குடிக்காம இருந்துட்டா வராது."

"அப்பாவோட சங்கம் கட்டிச்சே, புதுசு?"

"அது பூட்டியே கிடக்கு."

"எப்ப இருந்து?"

"கட்டினதுல இருந்து. அது விசிட்டர்ஸுக்காம்." மகள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "சில பேர் மாசாமாசம் அந்த நாள்ல லீவு போட்டுடுவாங்க. என் பக்கத்துல உக்கார்றவ பெரியவளானதுக்கு அப்புறம் வரதையே நிறுத்திட்டா."

கூடத்துச் சுவரில் அந்தப் புதுக் கட்டடத்தின் திறப்பு விழாப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. செயலாளர் ரிப்பனைப் பிடித்திருக்க, சங்கத் தலைவர் கத்தரிக்கோலோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு மாணவிகள் தட்டு ஏந்தி நின்றார்கள். தட்டு ஏந்தத்தான் அந்தப் பிள்ளைகளை அந்தக் கட்டடத்துக்குக் கிட்டே விட்டிருக்கிறார்கள் என்பது லேப் அக்காவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாலா பக்கமும் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். லேப் அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"கூட்டுறதுக்கு ஒரு அம்மா அரைநாள் வர்றாங்க. கழுவுறதுக்குன்னு ஆளே கிடையாது. கேட்டுக் கேட்டு என் கை ஓய்ஞ்சுபோச்சு. இத்தனை பிள்ளைங்களுக்குத் திறந்துவிட்டா ஒரே வாரத்துல அதுவும் பழசு மாதிரி ஆயிடும். யாராவது படம் எடுத்துப் போடுவாங்க. என்னைத்தான் கூப்பிட்டு நிக்கவைப்பாங்க."

"அதனால பிள்ளைங்க அடக்கிக்கிட்டு இருக்கணுமா டீச்சர்?"

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"நீங்க எங்க போறீங்க டீச்சர்?"

பெரிய டீச்சரின் முகம் சிவந்தது. ஆசிரியர் அறைக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. அதில் புத்தம்புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது. லேப் அக்கா அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் நினைச்சாலும் திறக்க முடியாது. சாவி என்கிட்ட இல்ல. பராமரிப்பு எங்க பொறுப்புன்னு சொல்லிச் சங்கத்துலயே வெச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணு கொடுங்கன்னு கேட்டேன். தரோம் தரோம்னாங்க."

"சங்கத்துல யார்கிட்ட இருக்கு?"

"உங்க வீட்டுக்காரர்கிட்டதாம்மா. ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு அவர்தான் வந்து திறந்துவிடுவாரு."

லேப் அக்காவுக்கு யாரோ முகத்தில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. வெளியே வந்து புதுக் கட்டடத்தின் முன்னால் நின்றாள். 'மாணவியர் கழிப்பறை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய எழுத்தில் கொடையாளர்கள் பெயர். இரும்புக் கதவில் பூட்டு. படிக்கட்டில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களின் காலணியிலிருந்து உதிர்ந்த மண் அச்சு அச்சாகக் காய்ந்து கிடந்தது.

சாவி அவள் வீட்டில்தான் இருந்தது. கடைச் சாவிக்கொத்தோடு சேர்ந்து, ஆணியில் தினமும் அவள் கண் முன்னாலேயே தொங்கியது.

செயலாளர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் தட்டு வைக்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கட்டினதை எவனெவனுக்கோ திறந்துவிட்டுட்டு இருக்கீங்களா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையை உதறினார். "இதுக்குத்தான் இவ்வளவு கோவமா? வெளியூர் டீமெல்லாம் வர்றாங்க. அவங்களைச் சுவத்து ஓரமா நிக்கச் சொல்ல முடியுமா? ஸ்கூல் மானம் என்ன ஆகுறது?"

"ஸ்கூல் மானம் உள்ள படிக்கிற பிள்ளைங்ககிட்ட இல்லையா?"

"பசங்க கையில கொடுத்தா ஒரு வாரம் தாங்காது. நாங்க எவ்வளவு பாடுபட்டுக் கட்டினோம் தெரியுமா? டைல்ஸ் நான் நின்னு பாத்துப் பாத்துப் போட்டது."

"டைல்ஸைப் பாத்துப் பாத்துப் போட்டீங்க. பெத்த பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுறா, அதைப் பாத்தீங்களா? அவளுக்கு எதனால வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரல் கொஞ்சம் தணிந்தது. "அவளுக்கு வேணும்னா ஒரு ஏற்பாடு பண்றேன். பெரிய டீச்சர்கிட்ட சொல்லி, ஆசிரியருங்க பாத்ரூமை..."

"அவளுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் நானா பொறுப்பு? கூட்டத்துல வைக்கிறேன். சாவி என் சொந்தச் சொத்தில்ல, தூக்கிக் கொடுக்க."

"தாழ்ப்பாள் விக்கிற கடை வெச்சிருக்கீங்க. அந்தப் பழைய கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தோணலையே உங்களுக்கு."

அவர் சாவிக்கொத்தை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பசியோடு கடைக்குப் போனார். அன்றைக்கு ராத்திரி அவர் குளிக்கப் போனபோது கொத்து மேசைமேல்தான் கிடந்தது. லேப் அக்கா நினைத்திருந்தால் கழற்றி எடுத்திருக்கலாம். தொடவில்லை. திருடிக் கொடுக்கிற பொருளா அது? பிள்ளைகளுக்குக் கட்டியது. எடுத்தவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிற தையல்கார அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் அங்கேதான். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று பெயர். லேப் அக்கா யாருடைய பரிசோதனை முடிவையும் வெளியே சொல்லக் கூடாதவள். அதனால் தன் வீட்டுக் கதையை மட்டும் சொன்னாள். தையல்கார அக்கா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"நம்ம பிள்ளைங்க தண்ணி குடிக்காம காயுறாங்க, இவனுங்க பந்தை உதைச்சிட்டு வந்து சொகுசாப் போறானுங்களா? ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியாதும்பாங்க. நம்ம பொண்ணுங்க ரெண்டையும் அடக்கிட்டு வருதுங்க. நமக்கு என்ன கேடு, நாமளும் ஏன் அடக்கணும்?"

வருகிற ஞாயிறு இறுதி ஆட்டம். வெளியூரிலிருந்து பெரிய அணி. சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய மனிதர். என்ன செய்வது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். மகள் அதைக் கேட்டுவிட்டு அழாத குறை.

"அம்மா, வேண்டாம்மா. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. என் கதையை மைக்ல சொல்லிடாத."

"உன் பேரை எடுக்க மாட்டேன். சத்தியம்."

"நீ வந்து நின்னாலே தெரியும்ல, என்னாலதான்னு."

லேப் அக்காவுக்கும் அது தெரியும். ஆனாலும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளர் பூட்டைத் திறந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பினாயில் தெளித்துவிட்டுப் பந்தல் பக்கம் போனார். ஒலிபெருக்கி அலறியது. ஆட்டம் தொடங்கி எல்லார் கண்ணும் பந்தின்மேல் போன நேரத்தில், லேப் அக்காவும் தையல்கார அக்காவும் இன்னும் ஏழெட்டு அம்மாக்களும் மைதானத்தின் ஓரமாக நடந்து போய் உள்ளே நுழைந்து இரும்புக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டார்கள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவர் முழுக்க டைல்ஸ், வரிசையாகக் குழாய்கள், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. தையல்கார அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். "அடப்பாவிகளா, கண்ணாடிகூட மாட்டி வெச்சிருக்கானுங்க" என்றாள். ஒரு அம்மா குழாயைத் திருகினாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் ஓடிவந்தார்கள். கதவைத் தட்டினார்கள். இடித்தார்கள்.

"யாருய்யா உள்ள? சீக்கிரம்!"

"பொம்பளைங்க," என்றாள் தையல்கார அக்கா. "மேல எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா? இந்த ஸ்கூல்லதானே படிச்சீங்க?"

வெளியே சலசலப்பு. சிரிப்புக்கூடக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. காலை மாற்றி மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது. சங்கத் தலைவர் வந்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதட்டிப் பழகிய குரல்.

"இதென்ன அநாகரிகம்! சிறப்பு விருந்தினர் வந்திருக்காரு. அவருக்கு அவசரம்."

"அடக்கிக்கச் சொல்லுங்க சார்," என்றாள் லேப் அக்கா. "எங்க பிள்ளைங்க காலையில மணி அடிச்சதுல இருந்து சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்குறாங்க. வருஷம் முழுக்க அடக்குறாங்க. பெரிய மனுஷன், ஒரு மேட்ச் முடியிற வரைக்கும் அடக்க மாட்டாரா?"

சிறப்பு விருந்தினர் அடக்கிக்கொண்டு காத்திருக்கவில்லை. காரில் ஏறி, பரிசு கொடுக்காமலேயே போய்விட்டார். வெளியூர் அணி மதிலோரம் ஒதுங்கியது. அப்போதுதான் செயலாளரை அனுப்பினார்கள். அவர் கதவில் வாயை வைத்துக் கிசுகிசுத்தார்.

"ஏய், வெளிய வா. ஊரே பாக்குது. என் மானத்தை வாங்காத."

"சாவியைக் கொண்டு போய்ப் பெரிய டீச்சர் கையில கொடுங்க. வரேன்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல பேசியாச்சு. நீங்க கடைக்குப் போயிட்டீங்க."

அவர் கதவை ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தத்தில் உள்ளே எல்லாரும் திடுக்கிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கை ஓங்கி லேப் அக்கா பார்த்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதற்கு அடுத்தாற்போல் கதவில் இன்னொரு தட்டு. மெல்லிசாக.

"அம்மா, நாங்கதான். திற."

மகள். கூட அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பட்டாளமே. வீட்டு உடையில், எண்ணெய் வைத்த தலையோடு, பந்தலில் இருந்த அத்தனை ஆண்களின் பார்வைக்கும் நடுவில் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்திருந்தார்கள். கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே புகுந்தார்கள். அப்பா ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

பரிசளிப்பு நடக்கவில்லை. தகவல் தெரிந்து பெரிய டீச்சரே வந்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், சங்கத் தலைவர் முன்னால் கையை நீட்டினாள். "கொடுத்துடுங்க சார். இதுக்கு மேல என்னாலயும் பேசாம இருக்க முடியாது" என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று உள்ளே லேப் அக்காவுக்குப் பொங்கியது. தலைவர் வேண்டா வெறுப்பாகத் தலையை ஆட்ட, செயலாளர் கொத்திலிருந்து சாவியைக் கழற்றினார். அது சுலபத்தில் வரவில்லை.

திங்கட்கிழமை கதவு திறந்தது. அதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பராமரிப்பிலிருந்து விலகிக்கொள்வதாகச் சங்கம் அறிவித்து, தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனது. சொன்ன மாதிரியே ஒரே வாரத்தில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. "பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சில அம்மாக்கள், நாமே முறை வைத்துக் கழுவிவிடலாம் என்றார்கள். லேப் அக்கா கொதித்துப் போனாள்.

"நாம ஏன் கழுவணும்? ஓட்டுப் போடுற நாள்ல மட்டும் எங்க இருந்தோ ஆள் வந்து கழுவுறாங்கள்ல? அந்த ஆள் தினமும் வரட்டும்."

அவளும் தையல்கார அக்காவும் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். அங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அவர்களை அலையவிட்டார்கள். தையல்கார அக்காவின் வாய் அங்கேதான் உதவியது. "ஆள் போடுற வரைக்கும் எங்க பிள்ளைங்களை இங்க கூட்டிட்டு வந்து உங்க பாத்ரூமுக்கு அனுப்புறோம்" என்றாள். சும்மா மிரட்டலென்று அவர்கள் நினைத்தார்கள். அடுத்த நாள் நிஜமாகவே ஒரு வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பிள்ளைகளோடு போய் மாடிப்படிவரை வரிசையாக நின்றார்கள். கழுவுவதற்கு ஆள் வந்தது. மோட்டாரும் ஒருவழியாக வந்தது.

வீட்டில்தான் ஒன்றும் வரவில்லை. செயலாளர் பேசுவதையே விட்டுவிட்டார். பிறகு ஒரு சாயங்காலம் சங்கக் கூட்டத்திலிருந்து சீக்கிரமாகவே திரும்பி வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"ராஜினாமா பண்ணிட்டேன்" என்றார்.

லேப் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல ஒரு பொம்பளையை அடக்கத் தெரியாதவன் எதுக்குச் செயலாளர்னு தலைவர் எல்லார் முன்னாடியும் கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. பொண்டாட்டியைப் பத்திப் பேசாதீங்கன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அவள் பக்கம் நின்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாராம். மடித்த துணியை அவள் கீழே வைத்தாள்.

"உங்களைச் சொன்னதும் கோவம் வந்துடுச்சு."

"உன்னைச் சொன்னதுக்குத்தான்..."

"இல்ல. உங்களைச் சொன்னதுக்கு. உங்க பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்ப இந்தக் கோவம் எங்க இருந்துச்சு? கதவைக் குத்துனீங்களே, அது யார்மேல வந்த கோவம்?"

அவள் விடவில்லை. "எனக்காக யார்கூடயும் சண்டை போட வேண்டாம். உள்ள உக்காந்து படிச்சிட்டிருக்கா. அவகிட்ட போய்ப் பேசுங்க. என்ன பேசுவீங்களோ, எனக்குத் தெரியாது. ஆனா மன்னிச்சிடும்மான்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு வந்துடாதீங்க. எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. அவ சொல்றதை முழுசாக் கேட்டுட்டு வாங்க."

செயலாளர் மகளின் அறைக்குப் போனார். அப்புறம் மகளின் குரல் கேட்டது. அவளுக்கும் அம்மாவின் குரல்தான். அது ஏறிக்கொண்டே போனது. "உங்களுக்கு என்ன தெரியும்? நாங்க எப்படிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்னு தெரியுமா?" என்று அவள் கத்தினாள். இடையில் ஒருமுறைகூட அவர் குரல் கேட்கவில்லை.

லேப் அக்கா துணியை மடிக்கவில்லை. எழுந்து போய்ச் சமாதானம் செய்யவும் இல்லை. அவள் கோபமும் தணிந்துவிடவில்லை. மகள் கத்தி முடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.